பக்கத்து வீட்டுச் சத்தம்: கதவைத் தட்டுவதற்கு முன்னும் பின்னும்

அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாக வருபவர்களில் பலர், சத்தத்தை வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் நடுராத்திரியில் பொறுமை தீர்ந்துபோய், மேல்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டுகிறார்கள். தம்மால் கீழே ஒருவர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார் என்பதே அதுவரை மேல்வீட்டுக்காரருக்குத் தெரியாது. கோபம்தான் அவருக்குக் கிடைக்கும் முதல் அறிமுகம். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் அது அவர் காதில் ஏறாது.

இந்த வழிகாட்டி அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்காக. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று தோன்றிய முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் கதவைத் தட்ட வேண்டாம். என்ன சத்தம், எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

சத்தத்தை இனம் காண்பது

கட்டடத்துக்குள் சத்தம் இரண்டு வழிகளில் பயணிக்கிறது. பேச்சு, டிவி, குழந்தை அழுகை, நாய் குரைப்பு ஆகியவை காற்றில் பரவி, கதவு ஜன்னல் இடுக்குகளிலும் மெல்லிய சுவர்களிலும் புகுந்து வருபவை. நடக்கும் அதிர்வு, நாற்காலியை இழுப்பது, பொருள் கீழே விழுவது, வாஷிங் மெஷின் சுழல்வது ஆகியவை வேறு வகை. இவை தளத்தையே நேரடியாக அதிரவைக்கின்றன. அந்த அதிர்வு கான்கிரீட்டுக்குள் ஓடி உங்கள் கூரையிலும் சுவரிலும் சத்தமாக வெளிப்படுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் என்றால், கான்கிரீட்டில் ஏறத்தாழ 10 மடங்கு வேகமாகப் போகும். வழியில் பெரிதாக வலுவிழக்கவும் செய்யாது.

இதனால்தான் சத்தம் வரும் திசையை அடுக்குமாடியில் காது தவறாகச் சொல்கிறது. நேர் மேலே கேட்பது போல இருக்கும் இடிச் சத்தம், மூலைவிட்டமாக அடுத்த வீட்டிலிருந்தோ இரண்டு மாடி தள்ளியோ வந்திருக்கலாம். குற்றமே செய்யாத வீட்டுக் கதவைத் தட்டி, சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் சத்தம் வரும்போதே படிக்கட்டில் மேலும் கீழும் ஒரு மாடி நடந்து பாருங்கள். தளத்தின் நடைவழியில் நின்று கேளுங்கள். வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்து, எங்கே அதிர்வு அதிகம் என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம், "உங்களுக்கும் ராத்திரி இந்தச் சத்தம் கேட்குதா?" என்று சாதாரணமாக விசாரியுங்கள். அவருக்கும் கேட்கிறது என்றால், அது எந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தொடர்ச்சியான ஒரு 'ம்ம்ம்' ஒலி என்றால் முதலில் உங்கள் வீட்டையே சந்தேகியுங்கள். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் அது உங்கள் ஃபிரிட்ஜோ, ஏதாவது அடாப்டரோதான். நிற்கவில்லை என்றால் தண்ணீர் மோட்டார், லிஃப்ட் மோட்டார், மின்மாற்றி, பொது ஏசி எந்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். இவை எந்தக் குடும்பத்தின் தவறும் அல்ல. கட்டடப் பராமரிப்புக்குப் போக வேண்டிய புகார். குழாயைச் சட்டென்று மூடும்போதெல்லாம் சுவருக்குள் 'டம்' என்று ஓர் அடி கேட்டால், அது ஓடிவந்த தண்ணீர் திடீரெனத் தடைபட்டுக் குழாயை மோதும் சத்தம். பிளம்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் போட்டோ, அதிர்ச்சி தாங்கும் சிறு கருவி பொருத்தியோ சரிசெய்துவிடுவார். மேல்வீட்டுக்காரர் வேண்டுமென்றே சுவரில் தட்டுகிறார் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பாட்டின் பேஸ் ஒலி, அதாவது அதிர்வாக உணரும் தாழ்ந்த ஒலி, தனிக் கதை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின், ஒரு அலை காற்றில் கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம் கொண்டது. சாதாரணச் சுவர் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பாட்டு வைப்பவருக்கு அறைக்குள் மிதமாகத்தான் கேட்கும். உங்களுக்குப் பாட்டே கேட்காது, 'தும் தும்' மட்டும் நெஞ்சில் அடிக்கும். "நான் சத்தமாவே வைக்கலையே" என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய் அல்ல. பேசப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒரு வாரக் குறிப்பு

ஒரு நோட்டிலோ ஃபோனிலோ தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன மாதிரிச் சத்தம், உங்களுக்கு என்ன பாதிப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். 'செவ்வாய், இரவு 11.40 முதல் 12.15 வரை, நாற்காலி இழுக்கும் சத்தம், படுக்கையறைக்கு மேல், குழந்தை எழுந்துவிட்டாள்' என்ற அளவில் போதும். 'தொல்லை தாங்கவில்லை', 'மனசாட்சியே இல்லாதவர்கள்' போன்றவை வேண்டாம். பின்னால் குடியிருப்போர் சங்கத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ காட்ட வேண்டி வந்தால், நிதானமாக எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு.

இந்தக் குறிப்பு உங்களுக்கே ஓர் உண்மையைக் காட்டும். தினமும் ராத்திரி முழுக்க என்று நினைத்தது வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம் என்று தெரியவரலாம். எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும் காதுக்குச் சிறு சத்தமும் பெரிதாகக் கேட்கும். அல்லது தினமும் சரியாக ஒரே நேரத்தில் வருகிறது என்று தெரியும். அப்படியானால் அது யாரோ ஷிஃப்ட் முடிந்து வரும் நேரமாக இருக்கலாம். இரண்டுமே பேச்சை எளிதாக்கும்.

சத்தத்தின் அளவை டெசிபல் என்ற அலகில் காட்டும் ஃபோன் செயலிகளை ஒரு துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் (NIOSH) ஐஃபோனுக்கு இலவசமாக வெளியிட்ட செயலி நம்பகமானது. பல செயலிகள் அப்படியல்ல. மனிதக் காதுக்கு ஏற்ப அளக்கும் வழக்கமான 'ஏ' அளவுமுறை பேஸ் ஒலியைக் குறைத்தே காட்டும். எண் சிறியதாக இருப்பதால் உங்கள் தொல்லை பொய் என்று ஆகிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், திடீரென்று எழும் தனிச் சத்தங்கள் 45-ஐத் தாண்டக்கூடாது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியானது போலத் தோன்றும்.

இந்த வாரத்திலேயே குடியிருப்பின் விதிகளையும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அமைதி நேரம் எப்போது, பழுதுபார்க்கும் வேலைக்கு எந்த நேரம் அனுமதி, புகாரை யாரிடம் தருவது என்ற மூன்றையும் பாருங்கள். பல நாடுகளில் இரவு 10 மணி முதல் காலை 6 அல்லது 7 வரை அமைதி நேரம். பகலில் குழந்தைகள் ஓடுவதும் மிக்ஸி ஓடுவதும் மனிதர்கள் வாழும் சத்தம். அதை எந்த விதியும் நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது.

பேசப் போவது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பெரும்பாலான சத்தப் பிரச்சினைகள் இங்கேயே முடிந்துவிடும், சரியாகப் பேசினால்.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். அப்போது உங்கள் முகத்தில் கோபம் இருக்கும், அவர் வீட்டில் விருந்தினர் இருக்கலாம். மறுநாள் மாலையோ வார இறுதியோ, இருவரும் அவசரம் இல்லாத நேரம் நல்லது. தனியாகப் போங்கள், நான்கு பேராகப் போனால் அது விசாரணை போல ஆகிவிடும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மிக மோசமான தொடக்கம். அம்பது வீட்டார் முன்னால் குற்றம் சாட்டப்பட்ட மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் (தடித்த மென்துணி) ஒட்டமாட்டார்.

அறிமுகத்தில் தொடங்குங்கள். கேட்பதைச் சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"வணக்கம் அண்ணா, நான் கீழ்வீட்டுல புதுசா வந்திருக்கேன். ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, இந்தக் கட்டடத்துல தளம் மெல்லிசு போல. ராத்திரி பதினொண்ணு மணிக்கு மேல நாற்காலி நகர்த்துற சத்தம் எங்க படுக்கையறையில நேரா கேட்குது. பாப்பா எழுந்துடறா. அந்த நாற்காலிக் காலுக்கு மட்டும் ஏதாவது ஒட்டிப் பார்க்க முடியுமா? எங்க வீட்டுலேர்ந்து உங்களுக்கு ஏதாவது சத்தம் வந்தாலும் தயங்காம சொல்லுங்க."

இதில் 'நீங்க சத்தம் போடறீங்க' என்ற வார்த்தையே இல்லை. 'எங்க வீட்டுல கேட்குது' என்பதுதான் இருக்கிறது. அது உண்மையும் கூட: சத்தம் உண்டாவது அங்கே, தொல்லையாவது இங்கே, நடுவில் இருப்பது கட்டடம். 'கொஞ்சம் அமைதியா இருங்க' என்று பொதுவாகச் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? ஒரு நேரம், ஒரு பொருள், ஓர் இடம் என்று சொன்னால் செய்துவிடலாம். அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, அவர் வீட்டில் ஒருவர் நடக்கும்போதோ பாட்டு ஓடும்போதோ கேட்கச் செய்வது இதைவிடவும் பலன் தரும். தன் காதால் கேட்ட பிறகு பெரும்பாலோர் தாமாகவே சத்தத்தைக் குறைப்பார்கள்.

ஃபோன் நம்பரைப் பரிமாறிக்கொள்ளுங்கள். 'ரொம்ப அதிகமாயிட்டா ஒரு மெசேஜ் போடட்டுமா?' என்று அனுமதி கேட்டு வைத்தால், அடுத்தமுறை கதவைத் தட்டவே தேவையிருக்காது. மாற்றம் தெரிந்தால் மறக்காமல் நன்றி சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குறை சொல்ல மட்டுமே வரும் பக்கத்து வீட்டுக்காரரை யாருக்கும் பிடிக்காது.

கைக்குழந்தை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, நினைவு மங்கிய முதியவர் இருக்கும் வீடு என்று தெரிந்தால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அழுகையையோ கூச்சலையோ நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் பொருளில்லை, அது அவர்களைப் புண்படுத்தும். கட்டிலை வேறு சுவருக்கு மாற்றுவது, பாய் விரிப்பது போன்ற பொருள் சார்ந்த உதவிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பேசப் போவதில் உங்களுக்குப் பயம் இருந்தால், அந்த நபர் குடித்துவிட்டு வம்பு செய்பவர் அல்லது மிரட்டுபவர் என்று தெரிந்தால், இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். நேராகச் சங்கமோ உரிமையாளரோ பேசட்டும்.

எந்தச் சத்தத்துக்கு எதைக் கேட்பது

நாற்காலி, மேசை: கால்களுக்கு ஃபெல்ட் அல்லது ரப்பர் ஒட்டு. மிகச் சின்ன செலவு, மிகப் பெரிய பலன். நீங்களே ஒரு பாக்கெட் வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தப்பில்லை; சில மாதங்களில் தேய்ந்துவிடும் என்பதால் மாற்ற வேண்டும்.

நடை, குழந்தைகள் ஓடுவது: தடித்த கம்பளம், அதன் அடியில் ஓர் அடிவிரிப்பு. கம்பளம் மட்டும் போட்டால் பாதிப் பலன்தான், அடிவிரிப்புதான் அதிர்வை உறிஞ்சுகிறது. வீடு முழுக்கக் கேட்காதீர்கள். உங்கள் படுக்கையறைக்கு மேலே உள்ள இடத்துக்கு மட்டும் கேளுங்கள். வீட்டுக்குள் கடினமான செருப்புக்குப் பதில் மென்மையானது.

வாஷிங் மெஷின்: பயங்கரமாகக் குலுங்கினால், புதிதாக வாங்கிய முன்கதவு மெஷினின் பின்புறம் போக்குவரத்துக்காகப் போட்ட போல்ட்டுகள் கழற்றப்படாமலே இருக்கலாம். அப்படி ஓட்டினால் மெஷினும் கெடும் என்பதால் உரிமையாளரே ஆர்வமாகப் பார்ப்பார். அது இல்லை என்றால் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கிறதா என்று ரசமட்டத்தால் பார்த்துத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் ரப்பர் அட்டை. நேரத்தையும் பேசிக்கொள்ளலாம்.

பாட்டு, டிவி: ஒட்டுமொத்த ஒலியைக் குறைக்கச் சொல்வதற்கு முன் பேஸை மட்டும் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். சப்வூஃபரை (பேஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) தரையிலிருந்து தூக்கித் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் மேல் வைப்பதும், பொதுச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் நகர்த்துவதும் உதவும். இரவு 10-க்கு மேல் ஹெட்ஃபோன்.

அறைந்து சாத்தும் கதவு: தானாக மூடும் கருவி இருந்தால் அதன் வேகத்தைத் திருகாணியால் குறைக்கலாம். இல்லையென்றால் சட்டத்தில் மெல்லிய ரப்பர் பட்டை.

நாய்: ஆள் இல்லாதபோதுதான் பெரும்பாலும் குரைக்கும், அதனால் உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சின்ன ஒலிப்பதிவை, குற்றச்சாட்டாக இல்லாமல், 'பாவம், நீங்க போன பிறகு ரெண்டு மணி நேரம் குரைக்குது' என்று காட்டினால் போதும்.

உங்கள் வீட்டுக்குள் செய்ய முடிவது

இதை 'நான் ஏன் செய்யணும்?' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேச்சு பலன் தர வாரங்கள் ஆகலாம். உங்களுக்கு இன்றிரவு தூக்கம் வேண்டும்.

காற்று வழிச் சத்தத்துக்கு முதலில் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். வாசல் கதவின் அடியில் ஒரு சீல், ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பட்டை போட்டாலே வித்தியாசம் தெரியும். பொதுச் சுவரை ஒட்டிப் புத்தகங்கள் நிறைந்த அலமாரி வைப்பது ஓரளவு உதவும். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கிப் போடுங்கள்.

சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் தகடுகளையும் முட்டை அட்டைகளையும் நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுப்பது எடை. ஃபோமுக்கு எடை இல்லை. மேலிருந்து வரும் காலடிச் சத்தத்துக்கோ, உங்கள் கூரையில் எதை ஒட்டினாலும் பெரிய பலன் கிடையாது. அதிர்வு சுவர்கள் வழியாகவும் இறங்கிவிடும். அதைப் பிறக்கும் இடத்தில்தான் நிறுத்த முடியும், அதனால்தான் பேச்சுக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

ஃபோம் இயர்பிளக் பலருக்குப் பலன் தராததற்குக் காரணம் மாட்டும் விதம். விரலால் நன்றாக மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். கைக்குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர்கள், தீ எச்சரிக்கை மணி கேட்க வேண்டியவர்கள் இதைத் தவிர்த்து, மின்விசிறியோ மழைச் சத்தமோ போன்ற சீரான பின்னணி ஒலியைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். சத்தம் நின்றுவிடாது, ஆனால் தூக்கத்தை உலுக்கும் திடீர் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும்.

பேசியும் மாறவில்லை என்றால்

இரண்டு முறை நேரில் பேசுங்கள். பலனில்லை என்றால் எழுத்துக்குப் போங்கள். தேதி போட்ட ஒரு சிறு கடிதம் அல்லது மெசேஜ்: எப்போது பேசினோம், என்ன ஒப்புக்கொண்டோம், இன்னும் என்ன நடக்கிறது, என்ன வேண்டும். மிரட்டல் வேண்டாம். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குடியிருப்போர் சங்கம் அல்லது நிர்வாகம். பக்கத்து வீட்டார் வாடகைக்கு இருந்தால் அவர்களின் வீட்டு உரிமையாளர். குறிப்புகளை இணைத்து எழுத்தில் கொடுங்கள். அதே சத்தத்தால் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் தனித்தனியாகக் கொடுத்தால் வலு கூடும். ஒரே கடிதத்தை எல்லோரும் நகலெடுத்துக் கொடுத்தால் குறையும். சங்கத்தில் நடுநிலையான ஒருவர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது, அபராதத்தைவிட நீண்டநாள் தாங்குவதைப் பார்க்கலாம். பல நகரங்களில் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ சமரச மையங்களும் இருக்கின்றன.

அமைதி நேரத்தில் நடக்கும் கூச்சல், ஒலிபெருக்கி, விடியவிடிய நடக்கும் விருந்து ஆகியவற்றுக்குக் காவல்துறையையோ உள்ளாட்சி அமைப்பையோ அழைக்கலாம். சத்தம் நடக்கும்போதே அழைத்தால்தான் அவர்களால் ஏதும் செய்ய முடியும். காலடிச் சத்தத்துக்கு அழைத்தால் பெரும்பாலும் வரமாட்டார்கள், வந்தாலும் உறவு மட்டுமே கெடும். நீதிமன்றம் கடைசி வழி. பணமும் வருடங்களும் பிடிக்கும். போவதற்கு முன் வழக்கறிஞரிடம் குறிப்புகளைக் காட்டிக் கேளுங்கள்.

பழிவாங்க மட்டும் இறங்காதீர்கள். துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பது, ஸ்பீக்கரைச் சுவரை நோக்கித் திருப்புவது எல்லாம் அடுத்தவர் குறிப்பேட்டில் உங்கள் பெயரில் ஏறும். புகார் கொடுத்தவரே குற்றவாளி ஆகிவிடுவார். அவர்கள் வீட்டுக்குள் நடக்கும் பேச்சைப் பதிவுசெய்வதும் பல இடங்களில் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். பதிவு உங்கள் வீட்டுக்குள் கேட்கும் சத்தத்தோடு நிற்கட்டும்.

இந்த வரிசை எதுவுமே பொருந்தாத ஒரு சூழ்நிலை உண்டு. அடி விழும் சத்தம், உதவி கேட்டு அலறல், ஒரு குழந்தை பயத்தில் கதறுவது கேட்டால் அது சத்தப் பிரச்சினை அல்ல. குறிப்பு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள். நீங்களே உள்ளே புகாதீர்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை.

புகார் உங்கள்மேல் வந்தால்

புதிதாக வந்தவர்களுக்கு இதுவும் நடக்கும். மறுத்துப் பேசும் முன், எந்த நேரம், எந்த அறை, எப்படிப்பட்ட சத்தம் என்று மூன்றையும் கேளுங்கள். கீழ்வீட்டுக்குப் போய் நீங்களே கேட்டுப் பாருங்கள். வீட்டில் துளை போடும் வேலையோ விருந்தோ இருந்தால் இரண்டு நாள் முன்னதாக மேலும் கீழும் பக்கத்திலும் சொல்லி, எப்போது முடியும் என்பதையும் சொல்லி வையுங்கள். முடியும் நேரம் தெரிந்துவிட்டால் அதே சத்தத்தை மனிதர்கள் எளிதில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வீடு மாறுவது என்று முடிவானால்

எல்லா வழியும் அடைபட்டு உடல்நலம் கெடுகிறது என்றால் வீடு மாறுவதில் வெட்கம் எதுவும் இல்லை. குடியிருப்புக்குள்ளேயே வேறு மாடி கிடைக்குமா என்று முதலில் உரிமையாளரிடமும் நிர்வாகத்திடமும் கேளுங்கள். ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க வேண்டி வந்தால், நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளும் கடித நகல்களும் அங்கேயும் கைகொடுக்கும்.

அடுத்த வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். படுக்கையறைச் சுவர் லிஃப்ட், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் இடம், மோட்டார் அறை எதையாவது ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மேல்வீட்டில் எந்த அறை உங்கள் படுக்கையறைக்கு மேலே வருகிறது என்பதையும் கேளுங்கள். சமையலறையோ கூடமோ வந்தால் யோசியுங்கள். கடைசி மாடியில் காலடிச் சத்தம் இருக்காது, ஆனால் லிஃப்ட் எந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான் இருக்கலாம். சுவரை விரல்முட்டியால் தட்டுங்கள். உள்ளே காலியாக ஒலித்தால் மெல்லிய தடுப்புச் சுவர். முன்பு இருந்தவர் எதற்காகக் காலி செய்தார் என்று உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல், எதிர்வீட்டாரிடமும் காவலாளியிடமும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.